பந்தியில் ஒரு தொப்பி

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வீடு. முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. உப்பேரியும் இஞ்சிப் பச்சடியும் அவியலும் எரிசேரியும் இலையில் விழுந்து, சோற்று வாளி வந்துகொண்டிருந்த நேரம். எதிர் வரிசையில் கல்லூரிப் பையன் ஒருவன், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவன், முன்பக்கம் நீண்ட கிரிக்கெட் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான். பருப்பு ஊற்றிக்கொண்டு வந்த பெரியவர் அவனருகே நின்றார். "மக்களே, தொப்பியை எடுத்துவிட்டுச் சாப்பிடு" என்றார். குரலில் அதட்டல் இல்லை. இலையில் தண்ணீர் தெளிக்கச் சொல்வதைப் போலத்தான் சொன்னார். பையனும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

அவனுக்கு இரண்டு இலை தள்ளி ஒரு முதியவர். தலையில் வெள்ளைத் தலைப்பாகை, நெற்றியில் சுடர்போல மேலே எழும் வெண்ணாமம். பரிமாறியவர் அவருக்கும் பருப்பு ஊற்றினார். பின்னால் வந்தவர் நெய் விட்டார். தலைப்பாகையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கைகழுவும் இடத்தில் பையன் என்னைப் பிடித்துக்கொண்டான். "மாமா, அவரை மட்டும் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?"

ஈரக்கையோடு நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. கூரைக்குக் கீழே, சாப்பாட்டுக்கு முன்னே, தெய்வத்துக்கு முன்னே தலையை மூடலாமா என்ற கேள்விக்குக் குமரி மாவட்டத்தில் ஒன்றுக்கொன்று நேரெதிரான பதில்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. சிலவற்றுக்குப் பின்னால் அடியும் சிறையும் இருக்கின்றன.

பையன் வளர்கிற நாட்டின் வழக்கத்திலிருந்து தொடங்கலாம். வீட்டுக்குள் நுழைந்ததும் ஆண் தொப்பியைக் கழற்ற வேண்டும், சாப்பாட்டு மேசையில் கண்டிப்பாகக் கழற்றியிருக்க வேண்டும் என்பது ஆங்கிலம் பேசும் நாடுகளின் பழைய மரியாதை. பெண்களுக்கு இதில் விலக்கு இருந்தது. அவர்களுடைய தொப்பி கூந்தலோடு ஊசி குத்திப் பொருத்தப்பட்டது. உடையின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டது. கழற்றினால் தலையலங்காரமே குலையும். ஆனால் ஆணும் பெண்ணும் ஒன்றுபோல அணிகிற இன்றைய கிரிக்கெட் தொப்பிக்கு அந்த விலக்கு கிடையாது, யார் அணிந்தாலும் கழற்ற வேண்டியதுதான் என்கிறார்கள் அங்கே மரியாதை வகுப்பவர்கள். எது 'உள்ளே', எது 'வெளியே' என்பதிலும் அவர்களுக்கு நுட்பமான கணக்குகள் உண்டு. ரயில் நிலையம், கடை, அலுவலகக் கட்டடத்தின் பொது நடைவழி ஆகியவற்றுக்குக் கூரை இருந்தாலும் அவை தெருவின் தொடர்ச்சியாகவே கருதப்பட்டன. அங்கே தொப்பி தலையிலேயே இருக்கலாம். நம் ஊர் டீக்கடையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையில் துண்டோடு நின்று டீ குடித்துவிட்டுப் போகிறவரை யாரும் மரியாதை தெரியாதவர் என்று சொல்வதில்லை. அதே ஆள் இலைக்கு முன் உட்காரும்போதுதான் துண்டு இறங்குகிறது.

ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்டால் முதலில் வரும் காரணம் சுத்தம். தெருப் புழுதி, வியர்வை, மழைத்துளி எல்லாம் தொப்பியோடு உள்ளே வருகின்றன. குனிந்தால் தட்டில் விழும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வழக்கம் உண்மையில் சுத்தத்திலிருந்து பிறந்திருந்தால் அது எப்போதும் இருந்திருக்க வேண்டுமே? 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்கள் சாப்பிடும்போது தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். கடற்படை அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்த சாமுவேல் பீப்ஸ் என்பவர் 1664 செப்டம்பரில் தம் நாட்குறிப்பில், சாப்பாட்டின்போது தொப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்ததால் தலையில் சளி பிடித்துக்கொண்டது என்று எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு மேசையில் தொப்பியோடு இருப்பதுதான் இயல்பு. கழற்றியதுதான் உடம்புக்கு ஆகாத விபரீதம். இன்று அதே நாட்டில் பாட்டிகள் பேரன் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்கிக் கண்டிக்கிறார்கள். முந்நூறு சொச்சம் ஆண்டுகளில் மரியாதை குட்டிக்கரணம் போட்டுவிட்டது.

சுத்தத்தை விட்டுவிட்டால் மிஞ்சுவது பதவிக் கணக்கு. மேலோன் முன்னால் கீழோன் தலையைத் திறக்க வேண்டும். ஐரோப்பாவில் தொப்பி கழற்றுவதன் எலும்பு இதுதான். ஸ்பெயினில் உயர்ந்த பிரபுக்களுக்கு மட்டும் அரசன் முன்னிலையில் தொப்பியோடு நிற்கும் உரிமை இருந்தது. நிலமும் பட்டமும் இருப்பவர்கள்கூட அந்த உரிமையைப் பெரும் பேறாக எண்ணினார்கள். இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர், கடவுள் ஒருவருக்கு முன்னால் ஜெபிக்கும்போது மட்டுமே தலையைத் திறப்போம், மனிதன் எவனுக்கும் திறக்க மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். 1670இல் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இருவரை லண்டன் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். உள்ளே வரும்போது அவர்கள் தலையில் தொப்பி இல்லை. காவலர்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள். அதை மறுபடி தலையில் வைக்கச் சொன்னது நீதிமன்றமே. வைத்த பிறகு, கழற்றாமல் நிற்கிறீர்களே என்று ஆளுக்கு 40 மார்க் அபராதம் போட்டது. நம் ஊர்ப் பண்ணையார்கள் யாரும் இவ்வளவு தூரம் யோசித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். அந்த பென்தான் பின்னால் அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவினார்.

இப்போது திருவிதாங்கூருக்கு வருவோம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும்வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தவை. அதற்கு முன்பு திருவனந்தபுரத்து மகாராஜாவின் ஆட்சி. அந்த ஆட்சியில் மரியாதையின் மொழி ஐரோப்பியத் தொப்பி மொழியோடு அதிசயமாக ஒத்துப்போனது. மேலோன் எதிரில் வந்தால் கீழோன் எதையாவது அவிழ்க்க வேண்டும், இறக்க வேண்டும். தலையில் துண்டு இருந்தால் எடுத்துக் கக்கத்தில் இடுக்க வேண்டும். தோளில் கிடந்தால் இடுப்பில் கட்ட வேண்டும். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால்வரை விட வேண்டும்.

கடைசியாகச் சொன்னது இன்றும் இங்கே உயிரோடு இருக்கிறது. மார்த்தாண்டம் சந்தையிலோ குலசேகரம் பஸ் நிலையத்திலோ வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி நிற்பவர், தம் பழைய வாத்தியாரைக் கண்டால் கை தானாகப் போய் மடிப்பை இறக்கிவிடும். பேச்சு அதன் பிறகுதான் தொடங்கும். ஆங்கிலேயன் தொப்பியின் விளிம்பைத் தொட்டு உயர்த்துவதற்கு நம் நாட்டில் நிகர் எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். அரைநொடி வேலை, ஆனால் செய்யாமல் போனால் வருஷக்கணக்கில் பேசுவார்கள். இன்று இது அன்பாலும் பழக்கத்தாலும் நடக்கிறது. அன்று இதற்குப் பின்னால் சவுக்கு இருந்தது.

திறந்த உடலே பணிந்த உடல் என்பதுதான் அந்த ஆட்சியின் இலக்கணம். தெற்குத் திருவிதாங்கூரில் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தையும் இந்த இலக்கணத்தோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் முழுக் கொடுமை விளங்கும். மேல்சாதியார் முன்னிலையில் மேலாடையை விலக்குவது 'மரியாதை' என்றே சொல்லப்பட்டது. நாடார் பெண்கள் குப்பாயம் என்ற சட்டையும் தோள்சீலையும் அணிந்தபோது 1822 முதல் கலவரங்கள் எழுந்தன. பல கட்டங்களாகத் தொடர்ந்த அந்தப் போராட்டத்தின் முடிவில், 1859 ஜூலை 26 அன்று அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது. ரவிக்கை போடலாம், அல்லது கடற்கரை முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியால் மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் மட்டும் அணியக்கூடாது என்றது. விட்டுக்கொடுக்கும்போதுகூட ஒரு முழத் துணியின் மடிப்பில் படிநிலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

ஆண்களின் தலைக்கும் இதே கதி. தாழ்த்தப்பட்ட சாதியார் தலைப்பாகை கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்ற தடைகள் இருந்தன. தலைக்கு இத்தனை என்று தலைவரியும் வாங்கினார்கள். வரி கட்ட மட்டும் தலை இருந்தது. துணி கட்ட இல்லை.

இந்த இடத்தில்தான் அய்யாவழி என்ற வழிபாட்டு நெறியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் வருகிறார். இன்றைய சாமித்தோப்பில் 1809இல் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். பனையேறும் குலத்துப் பிள்ளைக்கு 'முடிசூடும்' என்ற பெயரா என்று மேல்சாதியார் கொதித்ததால் முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று என்பது அய்யாவழி மக்களிடையே வழிவழியாகச் சொல்லப்படுவது. கவனியுங்கள், குழந்தையின் தலையில் கிரீடம் எதுவும் இல்லை. பெயருக்குள் ஒரு முடி இருந்தது, அவ்வளவுதான். அதையும் இறக்கி வைக்கச் சொன்னார்கள். 1833இல் திருச்செந்தூர் சென்று வந்த பிறகு அவர் வைகுண்டராக அறியப்பட்டார். மக்கள் திரளத் தொடங்கினார்கள். சுவாதித் திருநாள் மகாராஜாவின் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. விடுதலையாகி வந்தவர், தம் மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வரச் சொன்னார்.

சாதாரணமாகக் கேட்டால் இது ஒரு வழிபாட்டு விதி. அன்றைய திருவிதாங்கூரில் வைத்துக் கேட்டால் வேறு மாதிரி ஒலிக்கும். தெருவில் ஊரின் மேல்சாதி நிலக்காரரான கரையாளர் வந்தால் துண்டைத் தலையிலிருந்து எடுக்க வேண்டிய மனிதன், அவரைவிட உயர்ந்த, எல்லாரையும்விட உயர்ந்த ஒருவர் முன்னால் தலைப்பாகையோடு நிற்கிறான். இறைவனுக்கு முன்னாலேயே இறக்க வேண்டியதில்லை என்றால் கரையாளருக்கு முன்னால் எதற்கு இறக்க வேண்டும்? குவேக்கர்கள் கடவுளுக்கு மட்டும் தொப்பியைக் கழற்றி, மனிதனுக்கு மறுத்தார்கள். வைகுண்டர் கடவுளுக்கு முன்பே தலைப்பாகை கட்டச் சொல்லி மனிதனின் அதிகாரத்தை வெறும் காற்றாக்கினார். போன வழி வேறு. இரண்டு பேரும் சேர்ந்த ஊர் ஒன்று.

சாமித்தோப்புப் பதியிலும் ஊர்தோறும் உள்ள நிழல்தாங்கல் என்ற சிறு வழிபாட்டிடங்களிலும் இன்றும் ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போகிறார்கள். கருவறை போன்ற பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. கும்பிட நிற்பவன் எதிரே காண்பது தலைப்பாகை கட்டிய தன் உருவத்தையே. ஆண்டுதோறும் மாசி 20 அன்று, அய்யாவின் அவதார நாளில், நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்கு ஊர்வலம் போகிறது. அன்று சாலை முழுதும் தலைப்பாகைகள்தான். பந்தியில் இருந்த முதியவரிடம் யாரும் ஒன்றும் சொல்லாததன் காரணம் அங்கே நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் துணியை எடுக்கச் சொல்லும் குரலுக்கு இந்த மண்ணில் ஒரு பழைய எதிரொலி உண்டு. பரிமாறியவருக்கு அது தெரியும். தெரியாவிட்டாலும் அவர் நாக்குக்குத் தெரியும்.

வெள்ளைக்காரனும் இந்த இரட்டை மொழியில் சிக்கித் தடுமாறியிருக்கிறான். அவனுக்கு மரியாதை என்றால் தொப்பியைக் கழற்றுவது. செருப்பு காலிலேயே இருக்கும். இந்தியாவின் பல இடங்களில் மரியாதை என்றால் செருப்பைக் கழற்றுவது. தலைப்பாகை தலையிலேயே இருக்கும். துரைக்கு முன்னால் தலைப்பாகையோடு நின்ற இந்தியர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று ஆங்கிலேயர் நினைத்தார்கள். பூட்ஸ் காலோடு வீட்டுக்குள் ஏறிய ஆங்கிலேயரை என்ன சொல்வது என்று இந்தியர் திகைத்தார்கள். 1820களில் கவர்னர் ஜெனரலாக இருந்த ஆம்ஹர்ஸ்ட், தம் முன் வரும் இந்தியர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று வற்புறுத்தினார். 'உங்கள் வழக்கப்படி நீங்கள் நடங்கள்' என்ற சாக்கு. 1862இல் சூரத்து நீதிமன்றத்தில் மானக்ஜி கவாஸ்ஜி என்டீ என்பவர் செருப்பைக் கழற்ற மறுத்துவிட்டார். யாருடைய வழக்கம் யாருக்கு என்பதைத் தீர்மானிப்பவன் கையில்தான் அதிகாரம் இருக்கிறது என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார்.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று வரிசையாகப் போய்ப் பார்த்தாலும் குழப்பம் தீராது, கூடும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் ஆண்கள் சட்டை, பனியன் கழற்றித்தான் நுழைய வேண்டும். தொப்பி தலையில் இருக்கும் பேச்சே இல்லை. அதே கோயில் மரபில், மிக உயர்ந்தவருக்குச் செய்யும் மரியாதை எது? தலையில் பரிவட்டம் கட்டுவது! எல்லாரும் தலையைத் திறந்து நிற்கும் இடத்தில் ஒருவருக்கு மட்டும் பட்டுத்துணி கட்டினால், அவர் யார் என்று தனியாக அறிவிக்க வேண்டியதில்லை. ஸ்பெயின் அரசவையில் தொப்பியோடு நின்ற பிரபுவும், பரிவட்டத்தோடு நிற்கும் ஊர்ப் பெரியவரும் ஒரே பாஷையைத்தான் பேசுகிறார்கள்.

தேவாலயத்தில் கணக்கு ஆண், பெண் என்று பிரிகிறது. ஜெபிக்கும்போது ஆண் தலையை மூடக் கூடாது, பெண் மூட வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே தொடங்கி வைத்த சீர்திருத்தச் சபைகளிலும், அதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்பே சவேரியார் கால்பதித்த கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களிலும் இதுவே நடைமுறை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு இதை எழுத்திலேயே வைத்திருந்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அந்த விதி இல்லை. ஆனால் சட்டம் போன பிறகும் முக்காடு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் போகும் நம் அத்தைமார்கள் சேலை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்வது ரோமாபுரி சொல்லித்தான் என்றால் 1983லேயே நின்றிருக்க வேண்டும். ஆண்கள் தலை திறந்திருக்க வேண்டிய அதே ஆலயத்தில் ஆயர் மட்டும் உயரமான முடியோடு பவனி வருகிறார். அவரும் நற்கருணை மன்றாட்டு தொடங்கும் நேரத்தில் உள்ளே அணிந்த சிறு தொப்பிவரை கழற்றிவிடுகிறார். அவருக்கும் மேலே ஒருவர் வந்துவிட்டார் என்று பொருள்.

பள்ளிவாசலில் இது தலைகீழ். தொழுகைக்குத் தொப்பியோ தலைப்பாகையோ அணிவது நல்லொழுக்கம். அதோடு, நம் மேசைக் கேள்விக்கு நேராகப் பொருந்தும் ஒரு வழக்கமும் இங்கே உண்டு. தக்கலை, திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டணம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் பழைய தலைமுறையினர் பலர் சாப்பிட உட்காரும்போது தலையை மூடிக்கொள்வார்கள். தொப்பி கைக்கு எட்டாவிட்டால் தோளில் கிடக்கும் துண்டைத் தலையில் போட்டுக்கொள்வார்கள். உணவு இறைவன் தந்தது. அதன் முன்னால் அடக்கமாக உட்கார வேண்டும். அடக்கம் என்றால் மூடுதல். பக்கத்துத் தெருவில் அதே அடக்கத்துக்காகத் துண்டை இறக்கி வைத்துவிட்டு உண்கிறார்கள். பொருள் ஒன்றுதான், கை மட்டும் எதிர்த் திசையில் போகிறது. விருந்துக்குப் போகிறவர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தொப்பியோடு சாப்பிடும் வீட்டுக்காரரைப் பார்த்து, உள்ளே வந்தும் கழற்றவில்லையே என்று நினைப்பது அவருடைய மரியாதையை நம் அகராதியில் தேடுவது.

பொதுவான ஒரு விதி கேட்டால், வீட்டுக்காரரின் தலையைப் பாருங்கள் என்பேன். விருந்தாளியின் வழக்கம் அவர் வாசல்வரை. அதற்குப் பின் வீட்டுக்காரர் வழக்கம். ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு. நம்பிக்கையோடு கட்டிய துணியை, அது அய்யாவழித் தலைப்பாகையானாலும் சீக்கியர் தலைப்பாகையானாலும் முஸ்லிம் தொப்பியானாலும், எடுக்கச் சொல்லும் உரிமை எந்த வீட்டுக்காரருக்கும் இல்லை. நோய்க்கு மருந்து எடுத்து முடி கொட்டியவரின் தொப்பியும் அப்படித்தான். கேட்கவும் கூடாது, அதையே பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது. மிச்சம் இருப்பது வெயிலுக்கும் அழகுக்கும் போட்ட தொப்பி. முக்கடல் சூரிய உதயம் பார்த்துவிட்டு அகலமான தொப்பியோடு ஓட்டலுக்குள் நுழையும் சுற்றுலாப் பயணி அதை மேசைக்கு வந்ததும் கழற்றினால் போதும். பையனின் கிரிக்கெட் தொப்பியும் இந்தக் கணக்கில்தான் வரும். அது எந்தச் சாமிக்கும் கட்டியதில்லை, எந்தச் சிறைக்கும் போனதில்லை.

கழற்றியதை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சாப்பாட்டு மேசை மேலும் இலையருகிலும் வைக்கவே கூடாது. தரையிலும் நம்மவர்கள் வைக்கத் தயங்குவார்கள். தலைக்கு உரியது காலடிக்குப் போகக் கூடாது என்ற எண்ணம் நமக்கு ஆழமாக உண்டு. முற்காலத்தில் தலைப்பாகையை ஒருவர் காலடியில் வைத்தால் அதற்கு மேல் கெஞ்ச ஒன்றும் இல்லை என்று பொருள். மடிதான் சரியான இடம். பையன் தானாகவே சரியாகச் செய்தான்.

சீருடைக்குத் தனி உலகம். நம் ஊர்ப் பள்ளி என்.சி.சி. பையன்களைக் கேட்டால் சொல்வார்கள்: தொப்பி இல்லாத தலையோடு சல்யூட் அடிக்கக் கூடாது, விறைப்பாக நின்றால் போதும். அங்கே தொப்பி இருந்தால்தான் மரியாதையே செலுத்த முடியும். ஹெல்மெட்டுக்கு வேறு கணக்கு. ஏ.டி.எம். வாசலிலும் நகைக்கடையிலும் கழற்றச் சொல்வது முகம் தெரிவதற்காக. அதில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. கேமராவுக்குப் பணிவு தெரியாது.

தலைச்சுமைக்காரரின் சும்மாடு, மீன் கூடையோடு வாசலுக்கு வரும் பெண்ணின் தலையில் சுருட்டி வைத்த துணி, பனையேறியின் தலைக்கட்டு, ரப்பர் பால் வெட்டுபவரின் துண்டு ஆகியவற்றை நாம் தொப்பி என்றே எண்ணுவதில்லை. இந்த மாவட்டத்தில் மிக அதிகமாகத் தலையில் ஏறுபவை அவைதான். ஆனால் மரியாதை பற்றி எழுதுகிறவர்கள் யாரும் அவற்றுக்கு விதி எழுதியதில்லை. வேலை செய்யும் தலையை யார் விருந்து மேசைக்குக் கூப்பிட்டார்கள்?

இதில் பாதியைத்தான் கைகழுவும் இடத்தில் பையனிடம் சொல்ல முடிந்தது. பின்னால் வரிசை நின்றது. பிரதமன் பாயசத்தின் இனிப்பு இன்னும் விரலில் ஒட்டிக்கொண்டிருந்த நான்கைந்து பேர் குழாய்க்குக் காத்திருந்தார்கள். அவன் தலையாட்டிக் கேட்டான். பிறகு பந்திப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் என்னைக் கழற்றச் சொன்ன தாத்தா மட்டும் தலையில் துவர்த்து கட்டியிருக்கிறாரே?" என்றான்.

உண்மைதான். நான் கவனிக்கவே இல்லை. பருப்பு வாளியோடு இரண்டாம் பந்தியில் நடந்துகொண்டிருந்தவரின் தலையில் சிவப்புக் கரை போட்ட துவர்த்து, அதாவது துண்டு, இறுக்கி ஒரு முடிச்சு. சமையல் பந்தலில் நின்ற அத்தனை பேர் தலையிலும் அப்படித்தான். முடி உதிர்ந்து சாம்பாரில் விழக் கூடாது. வியர்வை சொட்டக் கூடாது. சுத்தத்துக்காகத் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் ஒரு தடவை சமையல் பந்தலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

கடைசிப் பந்தி போட்டபோது மணி மூன்றாகிவிட்டது. பரிமாறியவர்களும் சமையல்காரர்களும் உட்காரும் பந்தி. எங்களை வழியனுப்ப வந்த பெண் வீட்டாரோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே அந்தப் பெரியவர் இலைக்கு முன் வந்து நின்றார், தலையிலிருந்த துவர்த்தை அவிழ்த்தார், முகத்தைத் துடைத்தார், உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பையன் என் கையைத் தட்டிக் காட்டினான்.